எந்தையார் அளந்த படி

(திருக்கோவலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், தம் தந்தையாரின் நூறாம் பிறந்த ஆண்டையொட்டி, தி.ஆ. 2055 (கி.பி. 2024) இல் நிகழ்ந்த நினைவுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



எந்தையாரைப் பற்றி நானே பேசுவது முறையன்று என்று முதலில் மறுத்தேன். பெற்றவரைப் பிள்ளை புகழ்வதில் புதுமை என்ன இருக்கின்றது? ஆயினும் இக்கூட்டத்தை அமைத்த இளைஞர்கள், ‘புகழ வேண்டா, நடந்ததைச் சொன்னால் போதும்’ என்றனர். நடந்ததைச் சொல்வதென்றால் என் பிழையையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் இசைந்தே இங்கு நிற்கின்றேன்.

எந்தையார் 1924 இல் பிறந்தவர். 2004 இல் தம் எண்பதாம் அகவையில் மறைந்தவர். அவர் புலவரல்லர், மேடையேறிப் பேசியவரல்லர், சிறைசென்றவருமல்லர். திண்ணைப்பள்ளியில் எண்சுவடி படித்து, இவ்வூர்க் கடைத்தெருவின் வடகோடியில் அரிசி பருப்புக் கடை வைத்திருந்தார். நாற்பத்தோராண்டு அக்கடையில் அளந்தார், நிறுத்தார், கணக்கெழுதினார். அவர்தம் வாழ்க்கை வரலாறு இவ்வளவே. ஆனால், எப்படி அளந்தார் என்பதிலே ஓர் அறம் இருந்தது.

அளவும் எண்ணும்

இன்றைய இளைஞர்க்குப் பழைய அளவைகள் தெரியா. ஆழாக்கு இரண்டு கொண்டது உழக்கு. உழக்கு இரண்டு கொண்டது உரி. உரி இரண்டு கொண்டது படி. படி எட்டு கொண்டது மரக்கால். மரக்கால் பன்னிரண்டு கொண்டது கலம். எடையிலோ நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. எங்கள் கடைச் சுவரில், பெரியதிலிருந்து சிறியது வரை இவ்வளவைகள் அணிவகுத்துத் தொங்கும். நாள்தோறும் விடியலில் அவற்றைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே பழந்தூசியோ தவிடோ ஒட்டியிருக்கின்றதா என்று விரலால் துடைத்துப் பார்த்த பின்பே கடைக்கதவை முழுதும் திறப்பார்.

கணக்கெல்லாம் தமிழெண்களிலேயே இருக்கும். அரை, கால், அரைக்கால் என்பவற்றோடு நில்லாது, பதினாறில் ஒன்றாகிய வீசம், இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரை வாய்க்கணக்காகவே சொல்வார். முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி என்றோர் அளவும் உண்டு. முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபது கூறிட்டால் அதில் ஒரு கூறு அது. ‘இவ்வளவு சிறிய அளவு யாருக்கப்பா வேண்டும்?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘சிறிய பங்குக்கு உரியவர் ஒருவர் இருப்பார், தம்பி. அவருக்கு வேண்டும்’ என்றார். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

ஒரு பிடி அரிசி

எனக்கு எட்டகவை இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் கடையில் நின்று சிறு விற்பனைகளைப் பார்த்துக்கொள்வேன். பக்கத்துக் கடையில் வேலை செய்த பெரிய பையன் ஒருவன் எனக்கொரு சூழ்ச்சியைக் கற்றுக்கொடுத்தான். அரிசியை உயரத்திலிருந்து கொட்டினால் மணிகள் நெருங்கி அமரும். படி நிறைய அரிசி பிடிக்கும். படியைக் குவியலில் சாய்த்து மெல்ல நழுவவிட்டுத் தலைதட்டினால் மணிகளிடையே வெற்றிடம் மிகும். பார்வைக்குப் படி நிறைந்திருக்கும், உள்ளே அரிசி குறைந்திருக்கும். யாரும் குற்றஞ்சொல்ல முடியாது. படியும் முத்திரைப்படி, தலையும் தட்டியாயிற்று!

எங்கள் தெருக்கோடியில் தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர் அன்று ஓர் உழக்கு அரிசி வாங்க வந்தார். நான் கற்ற கலையை அவரிடம் காட்டினேன். அவர் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். தந்தையார் உள்ளே மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்றே எண்ணினேன். அவர் பார்க்கத்தான் இல்லை, ஆனால் கேட்டிருக்கின்றார்! படியில் அரிசி விழும் ஓசையிலேயே அவருக்கு வேறுபாடு புலப்பட்டுவிட்டது.

அடிக்கவில்லை, வையவுமில்லை. என் கையை விரித்து அதில் ஒரு பிடி அரிசியை வைத்து மூடினார். ‘ஆயாவிடம் கொண்டுபோய்க் கொடு. குறைத்து அளந்துவிட்டேன் என்று உன் வாயால் சொல். தவறி நேர்ந்தது என்று சொல்லாதே. தவறி நேரவில்லை’ என்றார். தெருக்கோடி வரை அந்தப் பிடியை மூடிக்கொண்டு நடந்தேன். அத்தெரு அவ்வளவு நீளமானதென்று அன்றுதான் அறிந்தேன். அம்மூதாட்டி அரிசியை வாங்கிக்கொண்டு, ‘உங்கப்பன் அனுப்பினானா?’ என்று மட்டும் கேட்டார். ‘ஆம்’ என்றேன். ‘சரி, போ’ என்றார். இன்றும் சோறு உண்ண அமரும்போது சில நாள்களில் அந்த உள்ளங்கைக் கூச்சம் எனக்கு வருவதுண்டு.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சொல்லும்போது, கொள்வதில் மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதில் குறைத்துக் கொடாமலும் நடுவுநிலை நின்றவர் என்று சொல்கின்றார். வள்ளுவப் பெருந்தகையும் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமை காட்டி, அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகர்க்கென்றே வைத்தார். இவற்றை நான் பின்னாளில் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். எந்தையார் அவற்றைப் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கடையில் அவை நடந்தன.

கால்காசு யாருடையது?

1957 ஏப்பிரல் முதல் நாள் புதிய நாணய முறை வந்தது. அதுவரை ஓர் உருபாவுக்குப் பதினாறணா. அன்றுமுதல் உருபாவுக்கு நூறு காசு. நயா பைசா என்று அந்நாளில் வழங்கினர். பழைய அணாவைப் புதுக்காசாக்கினால் ஆறேகால் காசு வரும். கால்காசு என்று ஒரு நாணயமில்லை. ஓரணாப் பொருளுக்கு ஆறு காசு வாங்குவதா, ஏழு காசு வாங்குவதா என்பதே கடைத்தெருவின் பேச்சாயிற்று. பலர் ஏழு வாங்கினர். எந்தையார் ஆறு வாங்கினார்.

கடைக்காரர் சிலர் வந்து குறைப்பட்டுக்கொண்டனர். அப்போது அவர் சொன்ன கணக்கை நான் அருகிலிருந்து கேட்டேன். ‘உருபாக் கணக்கில் வாங்குகின்றவனுக்கு இந்தக் கால்காசுத் தொல்லையே இல்லை. பதினாறணாவுக்கு நூறு காசு. நாலணாவுக்கு இருபத்தைந்து காசு. எல்லாம் முழுமையாக வந்துவிடுகின்றது. ஓரணாவுக்குப் பொட்டுக்கடலையும் ஓரணாவுக்கு உப்பும் புளியும் வாங்குகின்றவன் யார்? அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைப்பவன். அவன் நூறு முறை ஓரணாவுக்கு வாங்கினால் முறையான விலை அறுநூற்றிருபத்தைந்து காசு. ஏழு காசு வீதம் வாங்கினால் எழுநூறு காசு ஆகும். எழுபத்தைந்து காசை, அதாவது முழுப் பன்னிரண்டணாவை, அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஆறு வீதம் வாங்கினால் எனக்கு இருபத்தைந்து காசு இழப்பு. அது நாலணா. யாரேனும் ஒருவர் இழந்தே ஆகவேண்டுமென்றால், குறைவாக இழப்பதும், தாங்கக்கூடியவன் இழப்பதும் முறையல்லவா?’

வந்தவர்கள் விடை சொல்லவில்லை, விலையை மாற்றவுமில்லை. ஆயின் நான் அன்று ஒன்றை உணர்ந்தேன். ‘சிறிய பங்குக்கு உரியவர் ஒருவர் இருப்பார்’ என்று அவர் முன்பு சொன்னதன் பொருள் இதுவே. வீசமும் முந்திரியும் செல்வர்க்காக ஏற்பட்டவை அல்ல.

அடுத்து எடையும் மாறிற்று. 1956 இல் சட்டம் இயற்றப்பெற்று, 1958 முதல் படிப்படியாகக் கிலோ என்னும் புதிய எடை நடைமுறைக்கு வந்தது. வீசையும் பலமும் விடைபெற்றன. நம்மைப் போன்றோர்க்கு அதில் வருத்தமுண்டு. பழந்தமிழ்ச் சொற்கள் பல அவற்றோடு வழக்கிழந்தன. எந்தையார்க்கும் வருத்தமிருந்தது. ஆனால், ஒரு வீசை என்பது ஏறத்தாழ ஒரு கிலோ நானூறு கிராம். இம்மாற்றக் குழப்பத்தைப் பயன்படுத்திப் பழைய விலைக்குப் புதிய எடையைத் தள்ளிவிட்டவர்கள் இருந்தார்கள். எந்தையார் பழைய எடை, புதிய எடை இரண்டுக்கும் விலையெழுதிக் கடைவாயிலில் தொங்கவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்டால், இரண்டு எடைக்கற்களையும் தட்டின் இருபுறத்தில் வைத்துக் காட்டுவார். பழையதை விரும்பியதற்காகப் புதியதில் ஏமாற்றலாம் என்று அவர் கருதவில்லை.

சொற்கலப்பும் பொருட்கலப்பும்

தமிழன்பர்கள் சிலர் ஒருநாள் எந்தையாரிடம் வந்து, கடைப்பலகையை நல்ல தமிழில் எழுதவேண்டுமென்று கேட்டனர். அவர் மகிழ்ந்து உடன்பட்டார். எழுதி முடித்துப் புறப்படுகையில் அவர்களைத் திண்ணையில் அமரச்செய்து நீர்மோர் கொடுத்துச் சொன்னார்: ‘சொல்லில் கலப்பு வேண்டா என்கிறீர்கள், நல்லது. மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த்தூளில் செங்கற்பொடி, குளம்பித்தூளில் புளியங்கொட்டைத் தூள், அரிசியில் கல் என்று கடைதோறும் கலக்கிறார்களே, அதையும் கேளுங்கள். பலகை தூயதாக இருந்து சரக்குக் கலப்படமானால், தமிழுக்கல்லவா கெட்ட பெயர்?’

இதை நம்மவர்க்கு எதிராக அவர் சொல்லவில்லை; நம்மீது நம்பிக்கை வைத்தே சொன்னார். தூய்மை என்பது நாவோடு நின்றுவிடும் பொருளன்று, கைக்கும் உரியது. இக்கருத்தை நாம் இன்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1966: நான் பேசாதிருந்த ஐந்து திங்கள்

இனி நான் சொல்லப்போவதே, நான் இங்கு வந்ததற்கு உரிய செய்தி.

1965 இல் மழை பொய்த்தது. 1966 இல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. தமிழ்நாட்டில் அரிசி விலை ஏறிய ஏற்றம் அடுத்த ஆண்டுத் தேர்தல் வரை பேசப்பட்டதை மூத்தோர் அறிவர். உருபாவுக்கு மூன்று படி என்னும் வாக்குறுதியும், 1967 இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்ற உருபாவுக்கு ஒரு படித் திட்டமும் அத்துன்பத்தின் வழியே பிறந்தவை.

அவ்வாண்டு நான் புகுமுக வகுப்பில் தேறி, சென்னைக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்புக்கு இடம் பெற்றிருந்தேன். கட்டணமும் விடுதிச் செலவுமாக ஏறத்தாழ அறுநூறு உருபா முன்னதாகக் கட்டவேண்டும். கையில் பணமில்லை. ஆனால் கடையில் இருபத்திரண்டு மூட்டை அரிசி இருந்தது. தைத் திங்கள் அறுவடையின்போது, அறையணிநல்லூர் என்னும் பழம்பெயருடைய அரகண்டநல்லூரில் வாங்கி வந்து அடுக்கியது அது.

ஆனித் திங்களில் ஓர் இரவு வெளியூர் வணிகர் ஒருவர் வண்டியோடு வந்தார். ‘அண்ணே! அன்றைய விலைக்குமேல் மூட்டைக்கு முப்பது உருபா கூடுதலாகத் தருகின்றேன். இரவோடிரவாக ஏற்றிக்கொள்கிறேன். யாருக்கும் தெரியாது’ என்றார். இருபத்திரண்டு மூட்டைக்கு முப்பது வீதம் அறுநூற்று அறுபது உருபா! என் கல்லூரி அந்த மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது போல் எனக்குத் தோன்றிற்று.

எந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, ‘இந்த ஊரை நம்பி வாங்கிய அரிசி, இந்த ஊருக்கே அளக்கவேண்டும்’ என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். கதவை மூடியதும் என் அன்னையார், ‘பிள்ளையின் படிப்பு என்ன ஆவது?’ என்று கேட்டார். எந்தையார் விடை கூறவில்லை. அவர் விடை கூறாதிருந்ததை நான் அன்று கன்னெஞ்சம் என்று எண்ணினேன்.

மறுநாள் காலையில் ஊர்க்கணக்கெடுத்தார். எங்கள் கடையை நம்பியிருந்த வீடுகள் எங்கள் வீட்டையும் சேர்த்து நூற்றுப்பத்து. மூட்டைக்கு எழுபத்திரண்டு படி வீதம், ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு படி. வீட்டுக்குக் கிழமைதோறும் இரண்டு படி. ஏழு கிழமைக்கு ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது படி. எஞ்சிய நாற்பத்து நான்கு படி நோயாளிகளும் பிள்ளை பெற்றவர்களும் இருக்கும் வீடுகளுக்கு. வாங்கிய விலையின்மேல் வழக்கமான ஊதியம் மட்டுமே. செல்வர் வீடாயினும் இரண்டு படி. சேரி வீடாயினும் இரண்டு படி. எங்கள் வீட்டுக்கும் இரண்டே படி. ஆறு பேர் இருந்த எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழுமாக அன்னையார் அவ்வேழு கிழமைகளைக் கடத்தினார். கல்லூரியில் எனக்குரிய இடம் வேறொருவர்க்குப் போயிற்று.

அன்று தொடங்கி ஐந்து திங்கள் நான் எந்தையாரோடு பேசவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அவர் சோறு உண்டு எழுந்த பின்பே நான் உண்ண அமர்வேன். ‘ஊரார் வாயில் நல்ல பெயர் வாங்கப் பெற்ற பிள்ளையை விற்றுவிட்டார்’ என்று அன்னையாரிடம் சொன்னேன். அச்சொல் அவர் காதில் விழும்படியாகவே சொன்னேன். அவர் அப்போதும் விடை கூறவில்லை.

அடுத்த ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன், ஆசிரியனானேன், முப்பத்தாறாண்டு பணி செய்தேன். காலப்போக்கில் பேச்சும் இயல்பாயிற்று. ஆனால் நான் சொன்ன அச்சொல்லை நான் திரும்பப் பெறவில்லை. பெறலாம் பெறலாம் என்றே நாற்பதாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஓடிவிட்டது.

கணக்கேட்டின் ஒரு பக்கம்

2004 இல் அவர் மறைந்தபின் அவர்தம் மரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழைய கணக்கேடுகள். 1966 ஆம் ஆண்டின் ஏட்டைத் தேடி எடுத்தேன். நூற்றுப்பத்து வீடுகளின் வரிசையும் கிழமைக் குறிப்பும் அவர் கையெழுத்தில் இருந்தன. அதன் கடைசிப் பக்கத்தில், ‘தரவேண்டிய கடன்’ என்னும் தலைப்பின் கீழ், மண்டிக்காரர்க்கு இவ்வளவு, வண்டிக்காரர்க்கு இவ்வளவு என்று எழுதி, அவற்றுக்குக் கீழே ஒரு வரி: ‘மகனுக்கு – ௬௱௬௰.’

அறுநூற்று அறுபது உருபா! நான் இழந்ததாகச் சினந்த அத்தொகையை, அவர் எனக்குப் பட்ட கடனாகத் தம் ஏட்டில் ஏற்றியிருந்தார். அதன் பக்கத்திலேயே வரவும் இருந்தது. 1967 இல் பயிற்சிக் கட்டணம் நூற்றெண்பது. 1969 இல் மிதிவண்டி இருநூற்றுப் பத்து. 1973 இல் என் வீட்டு நிலைக்கதவு இருநூற்று எழுபது. கூட்டிப் பாருங்கள், சரியாக அறுநூற்று அறுபது. கீழே ஒரு கோடிட்டு, ‘தீர்ந்தது’ என்று எழுதியிருந்தார்.

அம்மிதிவண்டி வந்த நாளில், ‘இப்போது மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?’ என்று நான் முணுமுணுத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் நன்கொடை தரவில்லை; கடனடைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லாமல் அடைத்தார்.

அன்பர்களே! அந்தப் பக்கத்தை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். அறஞ்செய்வோர் பலர், அவ்வறத்தின் விலையைத் தம் மனைவி மக்கள் தலையில் வைத்துவிட்டுப் புகழைத் தாம் எடுத்துக்கொள்வதுண்டு. பொதுவாழ்வில் ஈடுபட்ட நம்மில் பலருக்கும் இது பொருந்தும். எந்தையார் அப்படிச் செய்யவில்லை. ஊருக்கு அளந்தது ஊரின் உரிமை என்று நினைத்தார்; அதனால் எனக்கு நேர்ந்த இழப்பு என் உரிமை என்றும் நினைத்தார். இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தார். ஒன்றுக்காக மற்றொன்றை மறந்துவிடவில்லை. நான் அவரைக் கன்னெஞ்சர் என்றேன். அவரோ என் சொல்லுக்கு விடையைத் தம் கணக்கேட்டில் எழுதி, ஏழாண்டு உழைத்து அதைத் தீர்த்தார்.

என் கடன் மட்டும் தீரவில்லை. அவர் உயிரோடிருக்கையில் நான் திரும்பப் பெற்றிருக்கவேண்டிய அச்சொல்லை, இன்று உங்கள் அனைவர் முன்னிலையில் திரும்பப் பெறுகின்றேன். காலந்தாழ்ந்த செயல், எனினும் செய்யாதிருப்பதினும் செய்வது நன்று.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று சொற்கள். உங்கள் தொழில் எதுவாயினும், யாரும் பார்க்காதபோதும் படியை நிறைய அளவுங்கள். கால்காசு யாரிடமிருந்து போகின்றதென்று எப்போதும் கேளுங்கள். உங்கள் தந்தையாரோடு பேசாதிருக்கிறீர்களாயின், இக்கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குச் சென்று பேசுங்கள். கணக்கேட்டைக் கண்டபின் பேசலாமென்று காத்திராதீர்கள்.

எந்தையாரின் உழக்கை இந்நூலகத்திற்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கின்றேன். குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்க்கட்டும். தமிழர் அளவைகளின் பெயர்களைக் கற்கட்டும். அதில் அரிசி நிரப்பிக் காட்டும் ஆசிரியர், சற்று உயரத்திலிருந்தே கொட்டும்படி கேட்டுக்கொள்கின்றேன்.



வாழ்க தமிழ்! வெல்க அறம்!